சித்திரை முதல் பங்குனி வரை: ஓராண்டில் பழந்தமிழ் வாசித்து முடிக்க ஒரு திருகோணமலை வழிகாட்டி

2022 ஜனவரி முதலாம் திகதி, திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, இந்த ஆண்டுக்குள் கம்பராமாயணம் முழுவதையும் வாசித்து முடிப்பேன் என்று கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதினேன். மார்ச் கடைசியில், மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை நீண்ட அந்தக் கிழமையில், பாலகாண்டத்தின் நடுவே புத்தகத்தை மூடினேன். அதன் பிறகு அது அலுமாரியின் மேல்தட்டில் தூசி வாங்கிக்கொண்டிருந்தது.

பழியை மின்வெட்டின் மேல் போடலாம். ஆனால் பிழை என் கணக்கில் இருந்தது. கம்பனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்கள் உள்ளன. 365 ஆல் வகுத்தால் நாளுக்கு 27, 28 வரும். உரையோடு வாசித்தால் ஒன்றுக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். வேலைக்குப் போய், மாலையில் சந்தைக்கும் போய், வீட்டுக்கு வந்து இரண்டேகால் மணி நேரம் கம்பனோடு உட்காருவேன் என்று நம்பிய என்னை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இரண்டாம் முறை, 2024 சித்திரையில் வேறொரு திட்டத்தோடு தொடங்கி, முடித்தேன். என்ன செய்தேன், எதை விட்டேன் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தமிழ் படித்துப் பட்டம் பெற்றவர்களுக்கு இது தேவைப்படாது. பாடசாலை உயர்தர வகுப்போடு இலக்கியத்தை விட்டுவிட்டு, நாற்பது வயதில் திரும்பிப் பார்க்கும் என் போன்றவர்களுக்கே இது.

முதற்படி: ஒரு சிறிய அன்றாடக் கடன்

ஒரு பெரிய நூலைத் துண்டு துண்டாக வெட்டி நாள்களுக்குப் பங்கிடாதீர்கள். இயல்பாகவே துண்டுகளாக இருக்கும் நூலை எடுங்கள். நான் எடுத்தது குறுந்தொகை. ஏறக்குறைய எல்லாப் பாட்டும் நான்கு முதல் எட்டு அடி. ஒரு பாட்டுக்கு உரையோடு சேர்த்துப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். கடவுள் வாழ்த்தைத் தவிர்த்து 401 பாடல்கள்.

நாளுக்கு ஒன்று என்றால் 36 மிஞ்சும். இந்த 36 என்னைச் சில நாள் தொந்தரவு செய்தது. பிறகு நாட்காட்டியைப் புரட்டியபோது விடை சுவரிலேயே தொங்கியது. ஆண்டுக்குப் பன்னிரண்டு போயா (பௌர்ணமி) விடுமுறை. ஒவ்வொரு போயாவிலும் மூன்று பாடல் கூடுதலாக வாசித்தால் 12 × 3 = 36. கணக்குத் தீர்ந்தது. (சித்திரையில் தொடங்கி எண்ணினால் சில ஆண்டுகளில் பதின்மூன்று போயா வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது. அந்தப் பதின்மூன்றாவது போயாவில் கூடுதல் பாட்டு கிடையாது.)

குறுந்தொகை ஆண்டு முழுவதும் ஓடும் கயிறு. மற்ற நூல்களை அதில் மாதத்துக்கு ஒன்றாகக் கோத்துக்கொள்ளலாம். அவற்றில் எதை இடையில் விட்டாலும் ஆண்டு குலையாது.

இரண்டாம் படி: எப்போது தொடங்குவது

ஜனவரி வேண்டாம். இங்கே அது மழையின் வால்மாதம். பாடசாலைப் புத்தகம், சீருடை, சப்பாத்து என்று கைப்பணம் கரையும் மாதமும் அதுதான். நான் சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு தொடங்கினேன். கடல் அடங்கிக் கிடக்கும் காலம், மாலையில் கரையில் உட்காரலாம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழந்தமிழ் நூல்களுக்குப் பொழுது உண்டு. வாடைக் காற்றும் கொண்டற் காற்றும் அங்கே வெறும் அலங்காரச் சொற்களாக வருவதில்லை. நமக்கோ அவை இன்றும் வழக்கில் உள்ள சொற்கள். கடற்றொழிலுக்குப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆகவே நூலை மாதத்துக்கு ஏற்றபடி வைத்தால் பாதி உரையைக் காற்றே சொல்லிவிடும்.

மூன்றாம் படி: புத்தகம் சேர்த்தல்

இதில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. நகரிலுள்ள பொது நூலகத்தில் முதலில் தேடுங்கள். இந்தியப் பதிப்புகள் நம் ரூபாயில் என்ன விலைக்கு வருகின்றன என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களின் மூலத்தை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரைகளும் கிடைக்கும். ஈழத்து நூல்களுக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் இருக்கிறது. அருஞ்சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. அதுவும் இணையத்தில் உண்டு.

ஆனால் குறுந்தொகை ஒன்றையாவது அச்சுப் புத்தகமாக வைத்திருங்கள். உ.வே. சாமிநாதையர் 1937 இல் தாமே உரை எழுதிப் பதிப்பித்தது இன்றும் மறுபதிப்பாக வருகிறது. கூடவே சந்தி பிரித்த மூலம் ஒன்று இருந்தால் நல்லது. கடையிலேயே பக்கங்களைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். எனக்கு வந்த ஒரு பிரதியில் 176 ஆம் பக்கத்துக்கு அடுத்தது 193. பதினாறு பக்கம் தைக்கப்படாமலே வந்துவிட்டது. கடைக்காரர் "வாசித்த புத்தகத்தைத் திருப்பி எடுப்பதில்லை" என்றார். வாசித்ததால்தானே ஐயா தெரிந்தது என்றேன். பலனில்லை.

நான்காம் படி: ஒரு பாட்டை எப்படி வாசிப்பது

இந்த வழிகாட்டியில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பெரும்பாலானோர் பழைய நூலைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். பாடசாலையில் நாம் பழகியது உரையை முதலில் படித்து, பொழிப்பை மனனம் செய்து, மூலத்தைக் கண்ணால் தொட்டுவிட்டுப் போவது. பரீட்சைக்கு அது உதவியது. ஓராண்டு முழுக்க அப்படி வாசித்தால் நீங்கள் வாசித்தது உரையாசிரியரைத்தான்.

நான் பின்பற்றிய ஒழுங்கைக் குறுந்தொகை 243 ஐக் கொண்டு காட்டுகிறேன்.

முதலில் உரத்து வாசியுங்கள். பொருள் விளங்க வேண்டாம், இரண்டு தரம் வாய் விட்டு வாசியுங்கள்:

மானடி யன்ன கவட்டிலை யடும்பின்
தார்மணி யன்ன ஒண்பூக் கொழுதி
ஒண்டொடி மகளிர் வண்ட லயரும்
புள்ளிமிழ் பெருங்கடற் சேர்ப்பனை
உள்ளேன் தோழி படீஇயரென் கண்ணே.

அடுத்து, பென்சிலால் சொல் பிரியுங்கள். மான் அடி அன்ன, கவட்டு இலை, அடும்பின். ஒண் தொடி மகளிர். புள் இமிழ் பெருங்கடல். பிரித்ததுமே பாதி கலக்கம் தெளியும். சீர் கணக்கிட்டு அச்சிட்டதால்தான் "யடும்பின்" என்று அது வேற்றுமொழி போல் மிரட்டியது.

மூன்றாவதாக, முடிவிலிருந்து பிடியுங்கள். தமிழ் வாக்கியத்தின் உயிர் வாலில் இருக்கிறது. "உள்ளேன் தோழி": நினைக்க மாட்டேன், தோழி. யாரை? சேர்ப்பனை, அந்தக் கரைக்கு உரியவனை. எந்தக் கரை? பறவைகள் ஒலிக்கும் பெருங்கடலின் கரை. அங்கே என்ன நடக்கிறது? பெண்கள் அடும்பின் பூவைக் கோதி, மணலில் விளையாடுகிறார்கள். "படீஇயர் என் கண்ணே": என் கண்கள் உறங்கட்டும். மூன்றரை அடி கரையைக் காட்டிவிட்டு, கடைசி அடியில் தூக்கமில்லாத ஓர் இரவைத் திறந்து வைக்கிறாள். நினைக்க மாட்டேன் என்று சொல்கிறவள் அவனுடைய கரையில் கிடக்கும் இலையின் வடிவம் வரை நினைத்துத்தான் சொல்கிறாள்.

இவ்வளவும் ஆன பிறகே உரையைத் திறக்க வேண்டும். யார் கூற்று, யாரிடம் சொன்னது என்பதையும் அப்போது சரிபாருங்கள். உங்கள் ஊகம் பிழைத்தால் அது இன்னும் நல்லது. அந்தப் பாட்டு மறக்காது.

கடைசியில் கொப்பியில் ஒரே ஒரு வரி. பொழிப்பு எழுதாதீர்கள், பதினைந்தாம் நாளில் சலித்துவிடும். உங்களைத் தடுத்து நிறுத்திய ஒரு சொல்லை மட்டும் எழுதுங்கள். நான் அன்று எழுதியது "அடும்பு".

ஐந்தாம் படி: ஒரு காது தேடிக்கொள்ளுங்கள்

எங்கள் ஒழுங்கையில், இரண்டு வீடு தள்ளிச் சின்னம்மா இருக்கிறார். எண்பதைத் தொடுகிறார், கண்ணில் புரை. ஆறாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றது. வைகாசியில் ஒரு நாள் அவர் வீட்டில் பிளேன் டீ குடித்துக்கொண்டே அன்றைய பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தேன். "மகன், கேட்கிற மாதிரிச் சொல்லு" என்றார். அன்று முதல் இரவு ஏழரைக்கு அவர் வாசற்படியில் வாசிப்பு.

காது ஒன்று காத்திருக்கிறது என்றால் நாளைத் தவறவிட மனம் வராது. இது ஒரு பயன். இன்னொன்றை நான் எதிர்பார்க்கவில்லை.

243 ஆம் பாட்டு கார்த்திகைத் தொடக்கத்தில் வந்தது. அகராதியில் அடும்பைத் தேடி, கடற்கரையில் படரும் ஒரு கொடி என்ற அளவில் விளங்கிக்கொண்டு போனேன். வாசித்து முடித்ததும் சின்னம்மா கேட்டார்: "அடும்பு என்றால் நம்முடைய அடம்பன் கொடிதானே? இலை நடுவில் பிளந்திருக்குமே."

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த வாய் என்னுடையது. அந்த அடம்பனும் இந்த அடும்பும் ஒன்று என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நாள் வேலை முடிந்து டச்சுக் குடாக் கரைக்குப் போனேன். மழை விட்டிருந்தது, மணல் ஈரமாக இறுகிக் கிடந்தது. பிரட்ரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் இந்த நகரில் மாடுகளைப் போலச் சுற்றித் திரிவதை வெளியூரார் வியந்து பார்ப்பார்கள். நாம் குப்பை வாளியைக் கவிழ்க்கிறது என்று விரட்டுவோம். அன்று அவை வந்து போன தடம் கரையில் இருந்தது. ஒவ்வொரு குளம்படியும் நடுவில் கீறிய இரண்டு நீள்பாதி. ஒரு முழம் தள்ளி அடம்பன் படர்ந்திருந்தது. ஓர் இலையைக் கிள்ளி ஒரு குளம்படியின் மேல் வைத்தேன். அளவு சற்றுப் பெரிது, வடிவம் அச்சு. ஊதாப் பூக்கள் மணி போலவே கவிழ்ந்து கிடந்தன. மான் அடி அன்ன கவட்டு இலை. இதற்கு மேல் எந்த உரையாசிரியர் எனக்கு என்ன சொல்ல இருக்கிறது?

ஆகவே தமிழாசிரியரைத் தேடி அலையாதீர்கள். கடற்றொழிலாளி, வயற்காரர், மாடு வளர்ப்பவர், கோயிலில் தேவாரம் பாடுகிறவர் என்று ஒருவர் போதும்.

மாதங்களும் நூல்களும்

தொடங்குவதற்கு முந்திய கிழமை, ஒத்திகையாக, காதில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை எடுங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் எவருக்கும் சம்பந்தரின் பதிகம் பழக்கம். மூன்றாம் திருமுறை, 123 ஆம் பதிகம். "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்பதை எத்தனை தரம் கேட்டிருப்போம். நித்திலம் என்றால் முத்து என்று எத்தனை பேர் நின்று யோசித்தோம்? தெரிந்த பாட்டைப் பிரித்து வாசிக்கும்போது பயம் போய்விடும்.

வைகாசிக்குச் சிலப்பதிகாரம். முப்பது காதைகள், நாளுக்கு ஒன்று. கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை என்னும் கதைப்பாட்டு பாடப்படும் காலம் அது. அங்கே மாங்கனியில் பிறக்கும் கண்ணகி வேறு, இளங்கோவின் கண்ணகி வேறு. இரண்டையும் ஒரே மாதத்தில் கேட்டால் எது யாருடைய கை என்று தெரியும். ஓர் எச்சரிக்கை: மூன்றாவதான அரங்கேற்று காதையில் இசையும் கூத்தும் பற்றிய நுட்பச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வெட்கப்படாமல் தாண்டிப் போங்கள். ஏழாவது கானல்வரி உங்களைத் தூக்கிக்கொள்ளும், இருபதாவது வழக்குரை காதையை நிறுத்தாமல் வாசிப்பீர்கள். முப்பதாவது வரந்தரு காதையில் "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்" வரும்போது நம் ஊர்ப் பெயர் கேட்ட மகிழ்ச்சி.

ஆனி, ஆடி, ஆவணி கச்சான் காற்றின் காலம். வெந்த காற்று பகல் முழுக்க முகத்தில் அறையும், தலையில் எதுவும் ஏறாது. இந்தக் காலத்துக்குக் கனமான நூல் வைக்காதீர்கள். குறுந்தொகையின் பாலைப் பாடல்கள் தாமாகவே வரும், அது போதும். நான் இடையில் மோகனாங்கி வாசித்தேன். 1895 இல் வந்த அந்த நாவலின் ஆசிரியர் தி.த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையில் பிறந்தவர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். நடை பழையது, சில இடங்களில் இழுக்கும். ஆனால் முதல் வரலாற்று நாவலை எழுதியவரின் ஊரிலேயே அதை வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். விடை சொல்லத்தக்கதாக இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்ததும் பத்துப்பாட்டுக்குப் போங்கள். அங்கும் முழுவதும் வேண்டாம், இரண்டு போதும். முல்லைப்பாட்டு 103 அடிதான், பத்தில் சிறியது. அடுத்து நக்கீரரின் நெடுநல்வாடை, 188 அடி. குளிரில் இடையர்கள் கொள்ளியில் கை காய்ச்சிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நடுங்குகிறார்கள். பறவைகள் விழுகின்றன. பசு, பால் குடிக்க வந்த கன்றை உதைத்துத் தள்ளுகிறது. இதைக் கார்த்திகை மழையில், ஓட்டில் நீர் கொட்டும் ஓசைக்கு மேலாகக் குரலை உயர்த்திச் சின்னம்மாவுக்கு வாசித்தேன். "பசு அப்படித்தான் செய்யும், மடி விறைத்துப் போகும்" என்றார், பார்த்துச் சொல்வது போல.

மார்கழிக்குத் தெரிவு தேவையில்லை. சங்கும் சேமக்கலமும் விடியற்காலையில் எழுப்பிவிடும். திருவெம்பாவை இருபது பாட்டு. கேட்டுக் கேட்டு மனனமான பாட்டைப் புத்தகத்தில் பார்த்து வாசியுங்கள். நான் எத்தனை சொல்லைப் பிழையாகப் பாடி வந்திருக்கிறேன் என்று அந்த மார்கழியில்தான் தெரிந்தது.

தையும் மாசியும் கம்பனுக்கு. முழுக் கம்பன் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே அழுதேன் அல்லவா. சுந்தர காண்டம் மட்டும். ஊர் தேடு படலத்தை இரவில் வாசிக்க வேண்டும். அனுமன் இலங்கையின் வீடு வீடாக, உறங்கும் நகரத்தில் தேடிக்கொண்டு போகிறான். நம் ஊருக்கு இராவணனோடு தனி உறவு உண்டு. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையில் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு, கன்னியாவில் அவன் தாயின் ஈமக்கடனுக்குத் தோன்றியதாகச் சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணறுகள். கம்பனில் இவற்றைத் தேடாதீர்கள், கிடையா. ஊர்க்கதையை ஊர்க்கதையாகவும் காவியத்தைக் காவியமாகவும் வைத்திருப்பதே இரண்டுக்கும் மரியாதை.

பங்குனியை வெறுமையாக விடுங்கள். மிச்சம் மீதி கட்டாயம் இருக்கும்.

நாள் தவறினால்

தவறும். எனக்கு மார்கழியில் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள் ஒன்பதையும் சேர்த்து வாசிக்க உட்கார்ந்தால் ஆண்டு அன்றோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பாட்டும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஒன்றும் நிற்காது. அன்றைய பாட்டு ஒன்று, கடன் பாட்டு ஒன்று, அதற்கு மேல் கிடையாது. ஒன்பது நாளில் கடன் தீர்ந்தது.

பிடிக்காத பாட்டுக்கும் இடம் கொடுங்கள். எனக்கு ஐம்பது பாட்டுக்கு மேல் ஒட்டவில்லை. கொப்பியில் கோடு ஒன்று போட்டு நகர்ந்தேன். அதற்கு நேர்மாறாக, ஈழத்துப் பூதன்தேவனார் பெயரில் உள்ள 189, 343, 360 ஆகிய மூன்றுக்கும் முன்பே அடையாளத் தாள் வைத்துவிட்டு, அந்த நாள்களுக்காகக் காத்திருந்தேன். இப்படிச் சிலவற்றை முன்னே நட்டு வைத்தால் நடுவழி நீளமாகத் தெரியாது.

பங்குனிக் கடைசி நாள் இரவு ஏழரைக்கு 401 ஆம் பாட்டோடு வாசற்படிக்குப் போனேன். அம்மூவனாரின் பாட்டு, அதில் விளையாடும் பெண்களுக்கு அஞ்சி நண்டு ஒன்று கடலுக்குள் ஓடுகிறது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலடியைத் தொடங்கினேன்: "அடும்பின் ஆய்மலர் விரைஇ..."

"அடம்பன்" என்றார் சின்னம்மா. "சரி, மேலே வாசி."